சிரிக்காத கேமரா

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

ஆவணப்படம் என்ற சொல்லே காதில் விழாத வயதில், ஆவணப்படத்தைப் போலச் செய்து காட்டுவதை நான் முதன்முதலில் பார்த்தது பழைய வண்ணாரப்பேட்டையில், தண்ணீர் லாரிக்காக நின்ற ஒரு வரிசையில். 1948-இல் தொடங்கப்பட்ட, மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனின் செய்திப்படத்தைக் காட்டிய பிறகே தியேட்டர்காரர்கள் படத்தைப் போட வேண்டும் என்ற விதி இருந்த காலம் அது. மகாராணியிலோ பாரத்திலோ பெஞ்சு டிக்கெட் எடுத்து உட்கார்ந்தால், கதாநாயகன் வருவதற்கு முன்னால் அணைக்கட்டுத் திறப்பு விழாவும், வெள்ளப் பகுதிகளை அமைச்சர் பார்வையிடும் காட்சியும் வரும். எல்லாவற்றையும் ஒரே ஏற்ற இறக்கத்தில் சொல்லிக்கொண்டு போகும் ஒரு கனத்த ஆண் குரலும் வரும். அந்தக் குரலை அச்சுப் பிசகாமல் பிடித்து வைத்திருந்த எங்கள் தெருப் பையன் ஒருவன், காலி டால்டா டின்னை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, "குடிநீர் லாரியின் வருகையையொட்டி, பெருந்திரளான தாய்மார்கள் வண்ணக் குடங்களுடன் திரண்டு உற்சாக வரவேற்பு அளித்தனர்" என்று தொடங்குவான். முதலில் சிரிப்பவர்கள் வரிசையில் நிற்கும் பெண்கள்தாம். "டேய், என் பேரையும் சேத்துச் சொல்லுடா" என்று அவர்களில் ஒருவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அவன் எதையும் இட்டுக்கட்டவில்லை. கூட்டம் கூட்டமாகவே இருந்தது, குடங்கள் குடங்களாகவே இருந்தன. எங்கள் தெருவுக்கு என்றுமே கிடைக்காத ஒரு குரலை மட்டும் அவன் கடன் வாங்கியிருந்தான்.

கற்பனைக் கதையை உண்மையான ஆவணப்படம் போலவே எடுத்துக் காட்டுவதை உலகம் மாக்குமென்டரி என்று அழைக்கிறது. இந்த வகைப் படங்களைத் தமிழில் போலி ஆவணப்படம் என்று எழுதுகிறோம். போலி மருத்துவர், போலிப் பத்திரம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது ஏதோ மோசடி போலத் தோன்றலாம். ஆனால் பள்ளியில் இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னொரு போலியும் தெரியும். அறம் என்பது அறன் என்றும், பந்தல் என்பது பந்தர் என்றும் வரும்போது, ஓர் எழுத்து இருந்த இடத்தில் வேறோர் எழுத்து வந்து நிற்கிறது; பொருள் மாறுவதில்லை. நல்ல போலி ஆவணப்படம் இந்த இலக்கணப் பொருளில்தான் போலி என்பது என் துணிபு. ஆள் கற்பனை, நிகழ்ச்சி கற்பனை. அந்த ஆள் தன் தொழிலைப் பற்றிப் பேசும் நுணுக்கமும், அவருடைய பெருமையும், வெளியே சொல்லாத வருத்தமும் மெய்.

இந்த வகையில் எல்லோரும் முதலில் குறிப்பிடும் படம், ராப் ரைனர் இயக்கி 1984-இல் வெளிவந்த 'திஸ் இஸ் ஸ்பைனல் டேப்'. மவுசு குறைந்துவரும் ஓர் இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை ஓர் ஆவணப்பட இயக்குநர் பின்தொடர்ந்து எடுப்பதாகக் கதை. அந்த இயக்குநராக ரைனரே நடித்தார். உரையாடலின் பெரும்பகுதி எழுதி வைத்துப் பேசப்பட்டதன்று. நடிகர்கள் பாத்திரமாகவே நின்று அந்தந்த நேரத்தில் பேசியதைப் படம்பிடித்து, மேசையில் வெட்டிச் சேர்த்தார்கள். ஓரிடத்தில், மேடைக்கு 18 அடி உயரத்தில் கல்தூண்கள் வேண்டும் என்று கைக்குட்டைத் தாளில் படம் வரைந்து கொடுக்கும் கிதார் கலைஞர், அடியைக் குறிக்கும் ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாக அங்குலத்தைக் குறிக்கும் இரட்டைக் கோட்டைப் போட்டுவிடுகிறார். மேடையில் புகை சூழ, இசை முழங்க, மேலிருந்து 18 அங்குலக் கற்கள் இறங்குகின்றன. அளவு எழுதிக் கொடுத்துப் பட்டறையில் வேலை வாங்கிய எவருக்கும் அந்தத் தவறு எவ்வளவு இயல்பானது என்று தெரியும். நகைச்சுவைக்காக எவரும் எதையும் பெரிதாக்கவில்லை. ஒரு கோடுதான் கூடுதலாக விழுந்தது.

படத்தொகுப்பை என் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இந்த இடத்தில் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். சாதாரண நகைச்சுவைப் படத்தில், சிரிப்பு வரும் இடத்தைப் பின்னணி இசை காட்டிக்கொடுக்கும், பக்கத்தில் நிற்பவர் முகத்தைச் சுளித்துக் காட்டுவார். போலி ஆவணப்படத்தில் அந்த உதவிகள் எவையும் கிடையா. பேசுபவர் தாம் சொல்வதை முழுமையாக நம்ப வேண்டும்; எதிரே இருக்கும் கேமரா அதை மறுக்காமல், தலையாட்டாமல், சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பேட்டியில் ஒருவர் பதிலை முடித்த பிறகும் ஷாட்டை வெட்டாமல் ஒன்றிரண்டு வினாடிகள் விட்டுவைத்தால், தாம் சொன்னது சரிதானா என்ற ஐயம் அவர் கண்ணில் மெல்ல வந்து போவது தெரியும். சிரிப்பு அந்த வினாடிகளில் இருக்கிறது. 2001-இல் பிபிசியில் தொடங்கிய 'தி ஆபீஸ்' தொடர், ஏறக்குறைய அந்த மௌனத்தை நம்பியே கட்டப்பட்டது. கேமரா ஆளைத் தேடிச் சற்றுத் தாமதமாகத் திரும்புவதும், ஃபோகஸ் ஒரு கணம் தவறிச் சரியாவதும், 1960-களில் தோளில் தூக்கிச் செல்லத்தக்க 16 மி.மீ. கேமராக்களுடன் தெருவில் இறங்கிய உண்மையான ஆவணப்படக்காரர்களிடமிருந்து கற்றவை. அவர்களுக்குத் தற்செயலாக நேர்ந்ததை, இவர்கள் ஒத்திகை பார்த்துச் செய்கிறார்கள்.

கேமராவைவிடவும் வலிமையானது குரல். வானொலி நேயர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ், செவ்வாய்க் கிரகவாசிகள் படையெடுத்து வருவதாகச் சொல்லும் ஒரு நாவலை அமெரிக்க வானொலியில் நாடகமாக்கியபோது, அதன் முதற்பகுதியை நடன இசைக்கு இடையே குறுக்கிடும் செய்தி அறிவிப்புகளாக அமைத்தார். உண்மைச் செய்தி என்று எண்ணிக் கலங்கியவர்கள் உண்டு. 1957 ஏப்ரல் 1 அன்று பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சியில், சுவிட்சர்லாந்தில் ஒரு குடும்பம் மரத்திலிருந்து ஸ்பகெட்டி என்ற கோதுமை மாவு இழைகளைப் பறித்து வெயிலில் காயவைப்பதைக் காட்டினார்கள். அந்த உணவு பிரிட்டனில் அப்போது அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை என்பது ஒரு காரணம். ஆனால் மக்கள் நம்பியதற்கு, நாடே மதித்த ரிச்சர்ட் டிம்பிள்பி தம் வழக்கமான நிதானத்தோடு அதை வருணித்தது பெரிய காரணம். "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்று தொடங்கும் குரல், இடியாப்பம் இவ்வாண்டு நன்றாகக் காய்த்திருக்கிறது என்று ஒரு நாள் சொல்லியிருந்தால், நம் வீடுகளிலும் ஒருவராவது கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்திருப்பார். நம்பிக்கை என்பது எந்த எந்த ஒலியில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதை இவ்வகைப் படைப்புகள் நமக்குக் காட்டிவிடுகின்றன.

இவற்றை நான் வடசென்னையில் அமர்ந்து யோசிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பகுதிக்குக் கேமரா புதிதன்று. காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும் விடியற்காலையிலும், 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோதும் அது வந்தது. கத்தியும் துரத்தலும் வேண்டிய சினிமாக்காரர்களுக்காகவும் வந்துகொண்டிருக்கிறது. எங்கே நின்றால் வெளிச்சம் விழும், எந்தப் பதிலைச் சொன்னால் நிருபர் மைக்கை அடுத்தவரிடம் நீட்டாமல் இருப்பார் என்பதெல்லாம் இங்குள்ளவர்களுக்குப் பழகிப்போன பாடம். பேட்டி கொடுக்கும் கலையை இவ்வளவு நன்றாக அறிந்த மக்களிடம், பேட்டியையே வடிவமாகக் கொண்ட நகைச்சுவை இன்னும் வந்து சேரவில்லையே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அதனால்தான், ராயபுரத்தில் என்னிடம் படத்தொகுப்பு கற்கும் இளைஞர்களோடு சேர்ந்து பன்னிரண்டு நிமிடப் படம் ஒன்றை எடுத்தோம். இல்லாத ஒரு கேரம் கிளப்பைப் பற்றிய ஆவணப்படம் அது. கேரம் இங்கே பொழுதுபோக்கு என்ற அளவில் நிற்பதன்று. 1991-லும் 1995-லும் உலக வாகையரான மரிய இருதயம் அர்ஜுனா விருது பெற்றவர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். ஆகவே கேரமைக் கேலிப்பொருளாக்கும் எண்ணம் எங்களில் எவருக்கும் இருக்கவில்லை. கிளப் செயலாளராக நடித்தவர் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். முதல் நாள், பிள்ளைகள் எழுதிய வேடிக்கையான வசனங்களை அவர் பேசியபோது படப்பிடிப்பில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இரவு போட்டுப் பார்த்தபோது ஒரு சிரிப்பும் வரவில்லை. மறுநாள் வசனத் தாளை எடுத்து வைத்துவிட்டு, "இப்ப வர்ற பவுடர் எப்படிண்ணா இருக்கு?" என்று மட்டும் ஒரு மாணவி கேட்டாள். அவர் போர்டின் மேல் விரலை ஓட்டி, விரல் நுனியைச் சற்று நேரம் பார்த்தார். "அப்பல்லாம் பவுடர் போட்டா ஸ்ட்ரைக்கர் பேசும்மா. இப்ப இன்னா பண்ணாலும் கம்முனு கீது" என்றார். பிறகு எதுவும் பேசவில்லை. அந்த மௌனத்தை நான் ஒரு ஃபிரேம்கூடக் குறைக்கவில்லை.

இந்த வடிவத்துக்குள்ளும் எனக்கு உடன்பாடில்லாத ஒரு வழி இருக்கிறது. ஒரு நடிகர் வெளிநாட்டு நிருபராக வேடமிட்டு உண்மையான மக்களைச் சந்திக்கும், 2006-இல் வந்த 'போராட்' படத்தில், கேமராவுக்கு முன் வந்த பலருக்குத் தாம் எந்த மாதிரியான படத்தில் இருக்கிறோம் என்பது தெரியாது. அதிகாரத்தில் இருப்பவரின் முகமூடி அப்படிக் கழன்றால் அதில் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் ஓர் ஏழைக் கிராமத்து மக்களை அவர்களுக்கே தெரியாமல் வேடிக்கைப் பொருளாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் தெருப் பையன் டால்டா டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றது வரிசைக்குள்ளே. அவன் காலடியிலும் ஒரு குடம் இருந்தது.

படம் முடிந்ததும், ஓர் உண்மையான கேரம் கிளப்பின் மொட்டை மாடியில் வேட்டியைக் கட்டித் திரையிட்டோம். பவுடர் காட்சிக்கு நல்ல சிரிப்பு. அதற்குப் பிறகு ஓர் அமைதி. முடிந்து விளக்கைப் போட்டதும், பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து என்னிடம் வந்தார். "சார், படம் சரி. ஆனா ரெட்டு போட்டு ஃபாலோ வுட்டுட்டா ஒரு காயின் ஃபைன்னு செயலாளர் சொல்றாரு. ஃபைன்லாம் கிடையாது. ரெட்டைத் திருப்பி நடுவுல வெச்சாப் போதும். இத்தப் பாத்தா நாளைக்கு எவனும் நம்ம கிளப்ப மதிக்க மாட்டான்" என்றார். அவர் சொன்னது சரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அதே சட்டையை மீண்டும் அணிந்து வரச் சொல்லி, அந்த ஒரு வரியை மறுபடி எடுத்தோம்.