முதலில் கொடு, பிறகு வசூல் செய்

எல்லோருக்கும் வணக்கம். பருவநிலை மாற்றமும் சட்டமும் என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நாள் முழுக்கப் பேசினாலும் தீராத தலைப்பு. அதில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: பாதிக்கப்பட்டவர் எதையெல்லாம் நிரூபிக்க வேண்டும், நிரூபித்த பிறகும் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்?

பெரு நாட்டில் ஆண்டிஸ் மலையடிவாரத்தில் ஹுவாராஸ் என்று ஓர் ஊர். அங்கே சவுல் லூசியானோ லியூயா என்கிற விவசாயி இருக்கிறார், மலையேற வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகவும் போவார். ஊருக்கு மேலே, 4,500 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் பால்காகோச்சா என்ற ஏரி. பனியாறு உருகி உருகி அந்த ஏரி பெருத்துக்கொண்டே வருகிறது. 1941-ல் இதே ஏரி உடைத்துக்கொண்டு இறங்கியதில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள், அந்த ஊரில் அதை மறந்தவர் யாரும் இல்லை.

2015-ல் லியூயா ஜெர்மனிக்குப் போய் ஆர்.டபிள்யூ.இ. என்கிற பெரிய மின் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். ஹுவாராஸ் பக்கம் அந்த நிறுவனத்துக்கு ஒரு புகைபோக்கிகூடக் கிடையாது. ஆனாலும் அவர் கணக்கு தெளிவாக இருந்தது. தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து உலகத் தொழில்கள் கக்கிய கரியமில வாயுவில் ஏறக்குறைய 0.47 சதவீதம் இந்த நிறுவனத்தின் பங்கு என்று ஓர் ஆய்வு சொன்னது, அப்படியானால் ஏரியிலிருந்து ஊரைக் காப்பாற்ற ஆகும் செலவிலும் அதே 0.47 சதவீதத்தைக் கொடு என்றார். சுமார் 17,000 யூரோ. அவ்வளவுதான் கேட்டார்.

எந்தச் சட்டத்தின் கீழ் கேட்டார் என்பதுதான் இதில் முக்கியம். ஜெர்மன் சிவில் சட்டத்தின் 1004-வது பிரிவு. பக்கத்து வீட்டு மரத்தின் வேர் உங்கள் சுவரைப் பிளந்தால் எந்தப் பிரிவில் போய்க் கேட்பீர்களோ, அந்தப் பிரிவு. நூறு வருடத்துக்கு மேல் பழையது, எழுதியவர்களுக்குப் பருவநிலை மாற்றம் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. 2016-ல் எஸ்ஸன் நகர நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. உலகத்தில் எத்தனையோ பேர் புகை விடுகிறார்கள், இந்தச் சேதம் இவரால்தான் வந்தது என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது என்றது. மேல்முறையீட்டில் ஹாம் நகர நீதிமன்றம் 2017-ல் வழக்கைச் சாட்சிய விசாரணைக்கு எடுத்தது. 2022 மே மாதம் ஜெர்மன் நீதிபதிகளே ஹுவாராஸுக்குப் போனார்கள், ஏரியையும் பார்த்தார்கள், அவர் வீட்டையும் பார்த்தார்கள். ஒரு விவசாயியின் வீட்டு வாசலைப் பார்க்கக் கண்டம் தாண்டி நீதிமன்றம் போனதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனது நெகிழ்ந்துவிடும்.

2025 மே 28-ல் தீர்ப்பு வந்தது. லியூயா தோற்றார். அடுத்த 30 வருடத்தில் வெள்ளம் அவர் வீட்டுக்கு வர வாய்ப்பு 1 சதவீத அளவுதான், அது போதாது என்றது நீதிமன்றம். ஆனால் அதே தீர்ப்பில், இப்படிப் பெருமளவில் புகை விடும் நிறுவனம், ஆபத்து மெய்ப்பிக்கப்பட்டால், தன் பங்குக்குப் பொறுப்பேற்க வேண்டும், தூரம் ஒரு சாக்காக முடியாது என்றும் சொல்லிவிட்டது. பல பேர் சேர்ந்து செய்த தப்புக்கு யாரையும் பிடிக்க முடியாது என்கிற வாதம் அங்கே அடிபட்டுப் போனது.

சரி, இதை ஏன் இவ்வளவு நேரம் சொன்னேன்? அந்த வாதம் நம்மிடம் அதற்கு ரொம்ப முன்பே அடிபட்டுவிட்டது. பாலாற்றில்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், சுத்திகரிக்காத கழிவை ஆற்றிலும் நிலத்திலும் விட்டதற்கு எதிராக வேலூர் மக்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு சொன்னது. டேனரிகள் இருக்கும் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுசாகவோ விவசாயத்துக்கு லாயக்கற்றுப் போனது என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கிணறு கெட்டுவிட்டது என்பதும் அதிலேயே இருக்கிறது. குடிக்கிற கிணறு, பாய்ச்சுகிற கிணறு எல்லாம் சேர்த்துத்தான்.

மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பதையும், ஆபத்து வரலாம் என்று தெரிந்தாலே தடுக்க வேண்டும் என்பதையும் இந்த நாட்டின் சட்டமாகவே அந்தத் தீர்ப்பு அறிவித்தது. கூடவே இன்னொன்றும் சொன்னது, அதைத்தான் நாம் பெரும்பாலும் பேசுவதே இல்லை. தன் தொழில் சூழலைக் கெடுக்காது என்று நிரூபிக்க வேண்டியது தொழில் செய்கிறவர் பொறுப்பு. பாதிக்கப்பட்டவர் ரசாயனம் படித்துவிட்டு வர வேண்டியதில்லை.

எவ்வளவு நல்ல தீர்ப்பு! உலகம் முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைக்கத் தகுந்தது. அதன் பிறகு என்ன நடந்தது? இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் வந்தது. 2001 மார்ச்சில் அது 547 டேனரிகள் மேல் பொறுப்பைப் போட்டு, 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் என்று தீர்மானித்தது. வகுத்துப் பாருங்கள், சராசரியாக ஒருவருக்கு 9,000 ரூபாய் சொச்சம். நிலம் போய், கிணறு போய், மாட்டுக்குத் தண்ணீர் இல்லாமல் போனதற்கு 9,000. அந்தத் தொகைக்காகவும் மேல்முறையீடு, ரிட் மனு, மறுகணக்கு என்று இழுத்தது. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உட்கார்ந்து பாக்கியைக் கொடுங்கள் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் 28 வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. மனுப் போடும்போது நடுவயதில் இருந்தவர்கள் இப்போது எங்கே இருப்பார்கள் என்று யோசியுங்கள்.

அந்த 2025 உத்தரவில் எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது, அரசே முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அப்புறம் மாசு செய்தவர்களிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்று சொன்னது. காத்திருக்கிற பாரத்தை விவசாயியின் தோளிலிருந்து இறக்கி அரசின் தோளில் வைத்தார்கள். அரசால் காத்திருக்க முடியும், அதற்கு வக்கீல் இருக்கிறார், ஆபீஸ் இருக்கிறது, வருவாய் வசூல் சட்டம் கையில் இருக்கிறது.

மோட்டார் வாகன விபத்து வழக்குகளில் இது நமக்குப் பழகிய விஷயம்தான். டிரைவருக்கு முறையான லைசென்ஸ் இல்லை, பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். பல வழக்குகளில் நீதிமன்றம், நீ முதலில் அந்தக் குடும்பத்துக்குக் கொடு, பிறகு வண்டிக்காரரிடம் வாங்கிக்கொள் என்று சொல்லிவிடும். வக்கீல்கள் ‘பே அண்ட் ரெகவர்’ என்பார்கள். செத்தவரின் மனைவி அந்தச் சண்டைக்குள் நிற்க வேண்டாம் என்பதுதான் அதன் நியாயம். லாரிக்கு இருக்கிற இந்த நியாயம் வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் ஏன் இருக்கக்கூடாது?

வெயில் என்றதும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்ல முடிவு, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் நடைமுறையில் பாருங்கள். ஒரு சித்தாள் மே மாதம் மத்தியானம் 2 மணிக்குக் கான்கிரீட் சட்டி தூக்குகிறார். தலை சுற்றுகிறது, வாந்தி, சாயங்காலம் வீட்டுக்கு வந்து படுக்கிறார், ராத்திரி போய்ச் சேர்கிறார். சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதுவார்கள். உடல் வெப்பத்தை யாரும் அளந்திருக்க மாட்டார்கள். மறுநாள் அடக்கம் முடிந்த பிறகு, இது வெயிலால் வந்த சாவுதான் என்று அந்தக் குடும்பம் எதைக் கொண்டுபோய் நிரூபிக்கும்? அன்றைக்கு அந்த ஊரில் வெப்ப அலை எச்சரிக்கை இருந்தது, அவர் வெளியில் வேலை பார்த்தார், இந்த இரண்டும் தெரிந்தாலே வெயில்தான் காரணம் என்று சட்டம் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் அரசு நிரூபிக்கட்டும். 1996 தீர்ப்பின் நியாயமும் அதுதானே?

2024 மார்ச்சில் கானமயில் என்கிற பறவையைக் காப்பது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், பருவநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசியலமைப்பின் 14, 21-வது பிரிவுகளுக்குள் இருக்கிறது என்று சொல்லிவிட்டது. (அதே தீர்ப்பு, மின்கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்ன 2021 உத்தரவைத் தளர்த்தியது, பறவைக்கு அது நல்லதல்ல என்பது என் எண்ணம்.) உரிமை இருக்கிறது, அதைக் காசாக்கித் தரும் சட்டம் இன்னும் இந்தியாவில் இல்லை. தி ஹேக்கில் சர்வதேச நீதிமன்றத்தில் வனுவாட்டு என்கிற சின்னத் தீவு நாடு முன்நின்று கேட்ட கருத்துரை 2025 ஜூலை 23-ல் வந்தது: பருவநிலையைக் காக்கும் கடமையை மீறும் நாடு, அதனால் வந்த சேதத்துக்கு ஈடு செய்ய வேண்டி வரலாம். அந்த விசாரணையில் இந்தியா, நூற்றாண்டுகளாகப் புகை விட்ட பணக்கார நாடுகள்தான் பொறுப்பு என்று வாதாடியது. சரியான வாதம். அதையே நம் எல்லைக்குள்ளும் பேசத்தான் ஒருவரும் இல்லை. உப்பளத்தில் வெயிலில் நிற்கிறவர் படுகிற பாதிப்புக்கும், அவர் விட்ட புகைக்கும் உள்ள விகிதம் என்ன? குளிரூட்டிய அறையில் இருக்கிற நம்முடைய விகிதம் என்ன?

உடனே பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். 2010-ல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் என்று மத்திய அரசு ஒரு செஸ், அதாவது ஒரு காரியத்துக்கென்று வாங்கும் கூடுதல் வரி, போட்டது, தூய எரிசக்திக்காக. 2016-ல் அது 400 ரூபாய் ஆனது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த 400 ரூபாயை மாநிலங்களின் வரி இழப்பை ஈடு கட்டத் திருப்பிவிட்டார்கள். 2025 செப்டம்பரில் செஸ்ஸை எடுத்துவிட்டு நிலக்கரிக்கான ஜி.எஸ்.டி.யை 18 சதவீதமாக்கினார்கள். இந்தியாவில் வருடத்துக்கு 100 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி எடுக்கிறோம். டன்னுக்கு 400 என்றால் வருடத்துக்கு 40,000 கோடி. வேலூர் விவசாயிகளுக்குத் தர வேண்டியிருந்த 26 கோடியே 82 லட்சம் அதில் ஏறக்குறைய ஆறு மணி நேர வசூல்.

ஆக, பருவநிலைச் சட்டம் என்று ஒன்று கொண்டு வரும்போது முதல் அத்தியாயத்திலேயே இழப்பீட்டு நிதியை வையுங்கள் என்று நம் எம்.பி.க்களிடமும் எம்.எல்.ஏ.க்களிடமும் கேட்க வேண்டும். அந்தப் பணம் நிலக்கரியிலிருந்து வரட்டும், வேறெதற்கும் எடுக்க முடியாதபடி எழுதட்டும். 90 நாளில் பாதிக்கப்பட்டவர் கைக்குப் போகட்டும், வசூல் வழக்கை அரசு அதன் போக்கில் நடத்திக்கொள்ளட்டும். இதில் ஓட்டை இருக்கிறது என்று நினைக்கிறவர்கள், குறிப்பாக இங்கே இருக்கிற வக்கீல்கள், மைக்கைக் கையில் எடுத்துக் கேளுங்கள்.