மூன்று நாற்காலி, இரண்டு நாற்காலி, ஒரு நாற்காலி

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு தேர்தல் இரவிலிருந்து தொடங்குகிறேன். 2013 மே 14. கனடாவின் மேற்குக் கரையில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். புதிய ஜனநாயகக் கட்சிதான் ஆட்சிக்கு வரப்போகிறது என்று கருத்துக்கணிப்புகள் சொல்லிக்கொண்டே இருந்தன. வாக்கை எண்ணினால் கதை வேறு. 85 இடங்களில் 49 இடங்களைப் பிடித்து லிபரல் கட்சி ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது. கட்சிக்காரர்கள் கொண்டாடுகிறார்கள். ஆனால் முதல்வர் கிறிஸ்டி கிளார்க் தம் சொந்தத் தொகுதியில் தோற்றுவிட்டார். கல்யாணம் தடபுடலாக நடக்கிறது, மாப்பிள்ளைக்கு மணவறையில் இடமில்லை!

அந்தத் தொகுதியின் பெயர் வான்கூவர்–பாயிண்ட் கிரே. இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான். ஒரே ஒரு தொகுதிக்கு ஒரு முழு சொற்பொழிவா என்று அமைப்பாளர் ஒருவர் என்னிடம் கேட்டார். தகும் என்றேன். பார்ப்போம்.

இடத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வான்கூவர் நகரின் மேற்கு ஓரம், கடலுக்குள் மூக்கை நீட்டியது போன்ற நிலம். மஸ்குவியம் மக்களின் பூர்வீக மண். 1792இல் கப்பலில் வந்த ஜார்ஜ் வான்கூவர் தம் நண்பர் கிரேயின் பெயரை இந்த முனைக்கு வைத்தார். பெரிய மாளிகைகளும் உண்டு, வாடகைக்குக் குடியிருப்போர் நிறைந்த கிட்சிலானோவின் பகுதிகளும் உண்டு. நுனியில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம். இதில் ஒரு வேடிக்கை: பல்கலைக்கழக வளாகம் வான்கூவர் மாநகர எல்லைக்குள் இல்லை. அங்கே குடியிருப்பவர்களுக்கு வான்கூவர் மேயரைத் தேர்ந்தெடுக்க வாக்கு கிடையாது. ஆகவே தெருப் பிரச்சினைக்குக்கூட சட்டமன்ற உறுப்பினரைத் தேடித்தான் ஓட வேண்டியிருக்கிறது. பேராசிரியர், பணக்காரர், வாடகைக்காரர், மாணவர் எல்லாம் ஒரே பட்டியலில். எந்தக் கட்சிக்கும் தூக்கம் வராத கலவை.

1933க்கு முன்னால் வான்கூவர் நகரம் முழுவதும் ஆறு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் ஒரே தொகுதியாக இருந்தது. அதைப் பிரித்ததில் 1933 தேர்தலில் பாயிண்ட் கிரே பிறந்தது, மூன்று நாற்காலிகளோடு. 1966இல் அது இரண்டானது. 1991இல் ஒன்றானது. இந்த எண்களைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். என் பேச்சின் அச்சாணி இதுதான்.

அப்புறம் 1952. அந்தத் தேர்தலில் மாகாணமே ஒரு புது முறையைச் சோதித்துப் பார்த்தது. வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசை போட வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். மூன்று நாற்காலி இருந்த பாயிண்ட் கிரேயில் நாற்காலிக்கு ஒரு வாக்குச்சீட்டு. சோஷலிஸ்டுகளை வெளியே நிறுத்தி வைக்கத்தான் லிபரல்–கன்சர்வேட்டிவ் கூட்டணி இந்த முறையைக் கொண்டுவந்தது. நம் மக்களின் இரண்டாவது விருப்பம் நமக்குள்ளேயே சுற்றும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. மக்களின் இரண்டாவது விருப்பமோ சோஷியல் கிரெடிட் என்ற மூன்றாவது கட்சிக்குப் போனது. முதல் விருப்பத்தில் பின்தங்கிய அந்தக் கட்சி 19 இடம், சோஷலிஸ்டுகள் 18. ஜூனில் நடந்த தேர்தலுக்கு ஆகஸ்டில்தான் சோஷியல் கிரெடிட்டின் டபிள்யூ.ஏ.சி. பென்னட் முதல்வராகப் பதவியேற்றார். பூட்டுப் போட்டவனே சாவியைத் தொலைத்த கதை.

அந்த அமைச்சரவையில் பாயிண்ட் கிரேயின் டில்லி ரோல்ஸ்டன் கல்வி அமைச்சரானார். கனடாவில் துறைப் பொறுப்போடு அமைச்சரான முதல் பெண் அவர். பள்ளிகளுக்கு நிதி பிரிக்கும் முறையை மாற்ற ஒரு மசோதா கொண்டுவந்தார், அதற்கு 'ரோல்ஸ்டன் சூத்திரம்' என்றே பெயர் நின்றது. 1953 மார்ச்சில் சபை அதைத் தோற்கடித்தது, அரசு கவிழ்ந்தது, மறுபடி தேர்தல். பென்னட்டுக்கு அதைவிட வசதி வேறென்ன? இம்முறை 48இல் 28 இடம், தெளிவான பெரும்பான்மை. ஆனால் யாருடைய மசோதாவால் தேர்தல் வந்ததோ அந்த ரோல்ஸ்டன் பாயிண்ட் கிரேயில் தோற்றார். அவரை வென்றவர் லிபரல் தலைவர் ஆர்தர் லேங். ரோல்ஸ்டன் அப்போதே நோயில் இருந்தார். அந்த அக்டோபரில் காலமானார். இந்தத் தொகுதியின் வரலாற்றில் என்னைச் சங்கடப்படுத்தும் பக்கம் இதுதான்.

1953இன் கணக்கைப் பாருங்கள். கட்சி ஜெயிக்கிறது, பாயிண்ட் கிரேயில் நின்ற பெரிய ஆள் தோற்கிறார். 2013க்கு 60 ஆண்டு முன்பே ஒத்திகை நடந்துவிட்டது.

இன்னொரு ஒத்திகை 1966. பென்னட்டின் வலது கரமாக இருந்த அட்டர்னி ஜெனரல், அதாவது சட்ட அமைச்சர், ராபர்ட் பானர் இங்கே தோற்றார். இரண்டு நாற்காலியிலும் லிபரல்கள் உட்கார்ந்தார்கள்: பேட் மெகீர், கார்ட் கார்டம். மாகாணம் முழுக்க ஆட்சி பென்னட்டுடையதுதான். பானர் என்ன செய்தார்? உள்நாட்டுக் கரிபூ தொகுதிக்குப் போய் இடைத்தேர்தலில் நின்று சபைக்குத் திரும்பினார்.

மெகீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. பல்கலைக்கழகத்தில் மூளை ஆராய்ச்சியாளர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் கனடாவுக்காகக் கூடைப்பந்து ஆடியவர். லிபரல் கட்சித் தலைவராகவும் இருந்தார். 1975இல் அவரும் கார்டமும் சோஷியல் கிரெடிட்டுக்குத் தாவினார்கள். தாவியவர்களை இந்த வாக்காளர்கள் தண்டித்தார்களா? இல்லை, அதே இருவரை மறுபடி அனுப்பினார்கள். அமைச்சரான மெகீர் அரசு வாகனக் காப்பீட்டுக் கட்டணத்தை ஏற்றியபோது மாகாணமே கொதித்தது. அவர் பெயரோடு 'இயர்' (காது) என்ற ஆங்கிலச் சொல்லை எதுகையாகச் சேர்த்து, 'காதில் சொருகிக்கொள்' என்று கார்களின் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அப்படியும் 1986 வரை உறுப்பினராகவே இருந்தார். கட்சியை அல்ல, ஆளைப் பார்க்கும் ஊர் என்று அங்கே சொல்லிக்கொள்வார்கள். நான் அதைப் பாதிதான் நம்புகிறேன். மீதிக் காரணம் நாற்காலிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது.

அதற்கு 1986ஐப் பார்க்க வேண்டும். இரண்டு நாற்காலி, வாக்காளருக்கு இரண்டு வாக்கு. ஒரு நாற்காலியில் சோஷியல் கிரெடிட்டின் கிம் கேம்பெல், இன்னொன்றில் புதிய ஜனநாயகக் கட்சியின் டார்லீன் மார்சாரி. ஒரே நாளில், ஒரே தெருக்களில், இரண்டு எதிரெதிர் கட்சிகள்! பாயிண்ட் கிரேயின் உண்மையான முகம் அதுதான் என்பேன். பாதிப் பாதி. இரண்டு நாற்காலி இருந்ததால் அன்று அந்தப் பிளவு யாரையும் கவிழ்க்கவில்லை, இரண்டு பக்கமும் உட்கார இடம் இருந்தது.

கிம் கேம்பெல் 1988இல் கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்குப் போனார். 1993இல் கனடாவின் முதல் பெண் பிரதமரானார், சில மாதங்களில் படுதோல்வியும் கண்டார். அது வேறு கதை. அவர் விட்ட இடத்தை 1989 இடைத்தேர்தலில் டாக்டர் டாம் பெர்ரி புதிய ஜனநாயகக் கட்சிக்குப் பிடித்துக் கொடுத்தார்.

அதே 1989இல் மாகாண உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி பெவர்லி மெக்லாக்லின், தொகுதிக்குத் தொகுதி மக்கள்தொகை இவ்வளவு வேறுபடுவது அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று தீர்ப்பளித்தார். எல்லைகள் மறுபடி வரையப்பட்டன. இரட்டை உறுப்பினர் தொகுதிகள் ஒழிந்தன. 1991 முதல் பாயிண்ட் கிரேயில் ஒரே நாற்காலி. நியாயமான சீர்திருத்தம்தான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் பாதிப் பாதியாக இருந்த ஊரில் இனி ஒரு பாதி மட்டுமே உட்கார முடியும்.

சில ஆண்டுகளில் அது லிபரல் தலைவர் கார்டன் கேம்பெலுக்குச் சாதகமானது. கிம்முக்கும் இவருக்கும் உறவில்லை, கேள்வி வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். 1996இல் இங்கே வென்றார். 2001இல் அவருடைய கட்சி 79இல் 77 இடங்களை அள்ளியது. அவருக்கு முதல்வராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்த துணைநிலை ஆளுநர் யார் தெரியுமா? நம் கார்ட் கார்டம். பாயிண்ட் கிரேயின் பழைய உறுப்பினர், புதிய உறுப்பினருக்குச் சத்தியம் சொல்லிக்கொடுத்தார்.

கேம்பெல் விற்பனை வரிச் சர்ச்சையில் மக்களின் கோபத்தைச் சம்பாதித்து விலகினார். அவருக்குப் பின் வந்த கிளார்க் 2011 மே மாத இடைத்தேர்தலில் இங்கே நின்றார். எதிரில் டேவிட் ஈபி என்ற இளம் வழக்கறிஞர், குடிமக்கள் சுதந்திரங்களுக்கான அமைப்பின் இயக்குநர். புது முதல்வர், முன்னாள் முதல்வரின் தொகுதி, அப்படியும் 600க்கும் குறைந்த வாக்கு வித்தியாசம். எச்சரிக்கை மணி அது. கிளார்க் 2013இலும் அங்கேயே நின்றார். மே மாதம், கல்லூரி விடுமுறை, மாணவர் பலரும் ஊருக்குப் போயிருந்த காலம். அப்படியும் ஈபி ஏறத்தாழ 1,000 வாக்கில் வென்றார்.

கிளார்க் என்ன செய்தார்? பானர் செய்ததையேதான். உள்நாட்டுக்குப் போனார். வெஸ்ட்சைடு–கெலோனா உறுப்பினர் ஒருவர் இடத்தைக் காலி செய்து கொடுக்க, ஜூலையில் இடைத்தேர்தலில் வென்று சபைக்கு வந்தார். கெலோனா பென்னட்டின் ஊர்.

சரி, ஈபி? 2017இல் அட்டர்னி ஜெனரல். 2022 நவம்பர் 18 அன்று முதல்வர். 2024 அக்டோபரில் அவருடைய கட்சி 93இல் 47 இடம், அதாவது தேவைக்கு ஒன்றுகூட மிச்சமில்லை. சரே–கில்ஃபோர்டில் கிடைத்த 22 வாக்கு வித்தியாசம்தான் அந்தப் பெரும்பான்மையைக் கொடுத்தது. தம் சொந்தத் தொகுதியில் மட்டும் எளிதாக வென்றார்.

முன்வரிசையிலிருந்து ஒரு ஐயா துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார்: "அப்படியென்றால் ஈபிக்கு இனி பயமில்லையா?" ஐயா, பானரும் ஐம்பதுகளிலேயே உள்ளே வந்தவர், 1952 முதல் அட்டர்னி ஜெனரல், அவருடைய கட்சி 1966இலும் ஜெயித்தது. மிச்சத்தைத் தேநீர் குடித்துக்கொண்டே பேசலாம். வணக்கம்.