பொறுமைக்கு ஒரு மதிப்பெண்

நேயர்களுக்கு வணக்கம். பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்துவிட்டுக் கீழே இறங்குகிறீர்கள். பம்பைக் கையில் பிடித்த பையன் கேட்கிறான், "சாதாவா சார், ஸ்பெஷலா?" ஒரு கணம் தயங்குகிறோம். பின்னால் வேறு வண்டி வந்து நிற்கிறது. "சரி, நல்லதையே போடு" என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு கணத் தயக்கத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பட்டறையில் சில ஆண்டுகளும் பாலிடெக்னிக் வகுப்பறையில் பல ஆண்டுகளும் கழித்தவன் நான். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.

முதலில், "நல்லது" என்ற சொல்லிலேயே பிழை இருக்கிறது. பெட்ரோலுக்கு 91 என்றும் 95 என்றும் ஆக்டேன் எண் சொல்கிறார்களே, அது பள்ளிக்கூட மதிப்பெண் போலத் தோன்றுகிறது. 95 வாங்கிய பிள்ளை 91 வாங்கிய பிள்ளையைவிடக் கெட்டிக்காரன் என்று மனம் கணக்குப் போடுகிறது. ஆக்டேன் எண் கெட்டிக்காரத்தனத்துக்குத் தரும் மதிப்பெண் அல்ல. பொறுமைக்குத் தரும் மதிப்பெண்.

தீபாவளிச் சரவெடியை நினைத்துக்கொள்ளுங்கள். திரியில் வைத்த நெருப்பு ஒவ்வொரு வெடியாகப் பற்றிக்கொண்டு வரிசையாகப் போக வேண்டும். நடுவில் இருக்கும் பத்து வெடிகள், நெருப்பு வருவதற்கு முன்பே சூடு தாங்காமல் ஒரே நேரத்தில் வெடித்தால் எப்படி இருக்கும்? என்ஜினுக்குள்ளும் அதுதான். பிஸ்டன் மேலே வந்து பெட்ரோல் ஆவியையும் காற்றையும் அழுத்துகிறது. அழுத்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு இது தெரியும், பம்பின் அடிப்பாகம் கையைச் சுடும். அந்தச் சூட்டில், ஸ்பார்க் பிளக் பொறி வைத்த நெருப்பு பரவிக்கொண்டிருக்கும்போதே, மூலையில் எரியாமல் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடித்துவிட்டால், சிலிண்டருக்குள் சம்மட்டி அடி விழுகிறது. தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கியது போலச் சத்தம் கேட்கும். மெக்கானிக்குகள் "நாக்கிங்" என்பார்கள். நெருப்பு வந்து சேரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் காத்திருக்கும் குணம் எவ்வளவு என்று சொல்வதுதான் ஆக்டேன் எண்.

இந்த அளவுகோலை 1926 வாக்கில் அமெரிக்காவில் கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர் வகுத்தார். எடுத்த எடுப்பிலேயே வெடித்துவிடும் ஹெப்டேன் என்ற திரவத்துக்குப் பூஜ்யம். எளிதில் அசையாத ஐசோ ஆக்டேனுக்கு 100. இந்த இரண்டையும் கலந்து, நூறில் 91 பங்கு ஐசோ ஆக்டேன் உள்ள கலவை எப்படி நடந்துகொள்கிறதோ அப்படி நடந்துகொள்ளும் பெட்ரோலுக்கு 91 என்று பெயர். இவ்வளவுதான் விஷயம். அதில் எத்தனை குதிரை சக்தி இருக்கிறது என்பதைப் பற்றி அந்த எண் மூச்சே விடவில்லை.

இந்த நாக்கிங் சத்தத்தை நான் முதன்முதலில் சரியாகப் புரிந்துகொண்ட கதையைச் சொல்ல வேண்டும். வானொலி நிலையத்தார் நேரம் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள், பார்க்கிறேன். எண்பதுகளின் தொடக்கம். சேலத்தில் ஒரு பட்டறையில் நான் கற்றுக்குட்டி. ஜவுளி வியாபாரி ஒருவருடைய அம்பாசடர் வந்து நின்றது. ஓட்டுநர் முகத்தில் ஈயாடவில்லை. முந்தின நாள் முதலாளி குடும்பத்தை ஏற்காட்டுக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். சேலம் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது வளைவிலேயே என்ஜின் கடகடவென்று கத்த ஆரம்பித்திருக்கிறது. முதலாளியின் தாயார் "வண்டிக்குள் யாரடா அம்மி கொத்துகிறான்?" என்று கேட்டாராம். எப்படியோ மேலே போய் ஏரிப் பக்கம் நிறுத்திச் சாவியை எடுத்திருக்கிறார். சாவி கையில் இருக்கிறது, வண்டி நிற்கவில்லை! குலுங்கிக் குலுங்கி இன்னும் சில விநாடிகள் ஓடியிருக்கிறது. "பேய் பிடித்துவிட்டது மேஸ்திரி" என்று எங்களிடம் சொன்னபோது அந்த மனிதர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

எங்கள் மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, நாலு சொட்டை உள்ளங்கையில் விட்டார். பெட்ரோல் என்றால் கை சில்லென்று ஆகும், சட்டென்று காய்ந்துவிடும். இது பிசுபிசுத்தது. மோந்து பார்த்தார். பிறகு கணக்குப்பிள்ளை மேசையிலிருந்து மை ஒற்றும் தாள் ஒன்றை எடுத்துவரச் சொல்லி அதில் ஒரு சொட்டு விட்டார். பெட்ரோல் ஆவியாகிப் போனது, எண்ணெய்க் கறை வட்டமாக நின்றது. மண்ணெண்ணெய்! யாரோ ஓரிடத்தில் கலந்து ஊற்றியிருக்கிறார்கள். மண்ணெண்ணெய்க்கு இந்தப் பொறுமை மிகக் குறைவு. அது கலந்தால் ஆக்டேன் மடமடவென்று இறங்கும். மேட்டில் பாரம் இழுக்கும்போது கலவை தானாக வெடித்தது. மேலே போய் நிறுத்தியபோது, பொறியே இல்லாமல், சிலிண்டருக்குள் படிந்து கனன்றுகொண்டிருந்த கரியின் சூட்டிலேயே பற்றி ஓடியது. பேயின் பெயர் மண்ணெண்ணெய். டேங்கை வடித்துப் புது பெட்ரோல் ஊற்றினோம், சத்தம் போன இடம் தெரியவில்லை. வடித்ததை வீணாக்கவில்லை, பல மாதம் போல்ட் நட் கழுவினோம்.

அந்தத் தாள் சோதனையை இன்றும் நீங்கள் செய்யலாம். சந்தேகம் வந்தால் வடிதாள், அதாவது ஃபில்டர் பேப்பர், கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு, பங்கில் வைத்திருக்க வேண்டும். கேட்பவர்கள்தான் இல்லை.

சரி, அம்பாசடரிலிருந்து உங்கள் வண்டிக்கு வருவோம். அந்தக் காலத்து என்ஜின்கள் கலவையை ஏழு, எட்டு மடங்குதான் அழுத்தும். இன்றைய சின்னக் கார்கள் பத்து, பதினொன்று, அதற்கும் மேலே போகின்றன. அழுத்தம் கூடக்கூட பொறுமையும் கூடுதலாக வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதை என்ஜினை வடிவமைத்தவர் முன்பே கணக்குப் போட்டு, வண்டியோடு வந்த கையேட்டில் எழுதிவிட்டார். முன் இருக்கைக்கு எதிரே உள்ள பெட்டியில், காப்பீட்டுத் தாளுக்கும் பழைய சுங்கச்சாவடி ரசீதுக்கும் அடியில், பிளாஸ்டிக் உறையே பிரிக்காமல் இருக்கும் அந்தப் புத்தகம்தான். எரிபொருள் என்ற பக்கத்தைப் பாருங்கள். நம் ஊரில் அன்றாடம் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு 91 போதும் என்றே இருக்கும். சில டர்போ கார்களுக்கும் வெளிநாட்டுச் சொகுசு வண்டிகளுக்கும் 95 கேட்டிருப்பார்கள். கேட்டிருந்தால் கொடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். கேட்காத வண்டிக்குக் கொடுப்பது, பசிக்காத பிள்ளைக்கு ஊட்டுவது.

என் சகலை ஒருவர் இருக்கிறார். கையேட்டில் 91 என்று தெளிவாக இருக்கிறது. அவர் 95 போடுவார், வெளியூர் போகும் நாளில் 100 தேடுவார். நம் நாட்டில் இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோலை அறிமுகப்படுத்தியபோது லிட்டர் 160 ரூபாய். உயர்ரக வண்டிகளுக்காக வந்தது அது. "வண்டி பறக்கிறது அண்ணா" என்பார் சகலை. நூற்று அறுபது கொடுத்தவருக்கு வண்டி பறக்காமல் என்ன செய்யும்? நானும் யோக்கியன் அல்ல. என் முதல் புதுக் காருக்கு மூன்று மாதம் சாதா, மூன்று மாதம் ஸ்பெஷல் என்று போட்டு, அதே சேலம், ஓமலூர் சாலையில், நோட்டுப் புத்தகத்தில் கிலோமீட்டர் எழுதிப் பார்த்தேன். சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் அதிகம் என்று வையுங்கள். மாதம் ஐம்பது லிட்டர் போட்டால், ஆண்டுக்கு நாலாயிரத்துக்கு மேல். அந்தப் பணத்தை டயர் மாற்றுவதற்கு உண்டியலில் போடலாம். டயரில் காற்றைச் சரியாக வைத்தாலே மைலேஜ் கூடும், அதற்குக் காசும் கிடையாது.

அப்படியானால் 95 கேட்கும் வண்டிக்கு வழியில் 91தான் கிடைத்தால்? பயப்பட வேண்டாம். இப்போதைய கார்களில் பெரும்பாலானவற்றில் என்ஜின் மேல் ஒரு சின்ன உணரியைப் பொருத்தியிருக்கிறார்கள். மேஸ்திரியின் காது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாக்கிங் சத்தம் கேட்டதும் பொறி வைக்கும் நேரத்தைத் தானே கொஞ்சம் தள்ளிவைத்துவிடும். அந்த நாளில், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி நாங்கள் கையால் திருப்பிய அதே வேலை. இழுவை சற்றுக் குறையும், அவ்வளவுதான். ஆனால் அதையே வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. விலை கூடியது எல்லாம் ஆக்டேன் கூடியது அல்ல. சில ஸ்பெஷல் பெட்ரோலில் என்ஜினைச் சுத்தமாக வைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். அதனால் பயன் இருக்கலாம், ஆனால் அது வேறு கணக்கு. பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் "எங்கள் ஊரில் 87 போட்டே ஓட்டுகிறோம்" என்றாலும் குழம்ப வேண்டாம். அவர்கள் இரண்டு விதமாகச் சோதித்துச் சராசரி எழுதுகிறார்கள். அங்கே 87 என்பது இங்கே ஏறக்குறைய 91. டீசல் வண்டிக்காரர்களுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. டீசல் தானாகப் பற்றிக்கொள்ளத்தான் வேண்டும், அங்கே பொறுமை ஒரு குறை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்ற ஆல்கஹால் பற்றி விரிவாகச் சொல்ல இரண்டு பக்கம் எழுதி வந்திருந்தேன், ஏற்காட்டுக் கதையில் அதற்கான நேரம் போய்விட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். இப்போது நாம் போடும் பெட்ரோலில் இருபது சதவீதம்வரை எத்தனால். எத்தனாலின் ஆக்டேன் 100க்கும் மேல். ஆக, உங்கள் சாதா பெட்ரோலின் பொறுமையைக் கலவையே கூட்டித் தருகிறது. ஆனால் பெட்ரோலோடு ஒப்பிட்டால் எத்தனாலில் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் மைலேஜ் சற்று இறங்கும். மைலேஜ் இறங்கியதே என்று அதிக ஆக்டேனைத் தேடிப் போகாதீர்கள், அது அந்த நோய்க்கு மருந்தல்ல. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பெட்டியைத் திறந்து அந்தப் புத்தகத்தின் உறையையும் இன்றே பிரியுங்கள். வணக்கம்.