ஒலிம்பஸில் ஆட்சி நிலைத்த விதம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். கிரேக்கக் கடவுளரைப் பற்றிப் பேசுவோர், வானுக்கும் இடிக்கும் ஜீயஸ், கடலுக்குப் பொசைடன், காதலுக்கு அப்ரோடைட் என்று பட்டியலிட்டு முடித்துவிடுவது வழக்கம். பட்டியல் சரியானதே; ஆனால் அந்தப் பொறுப்புகள் அவர்களுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதை அது சொல்வதில்லை. கிரேக்கர் தம் தெய்வங்களை ஒரே குடும்பமாகக் கண்டனர். அந்தக் குடும்பத்துக்குள் ஆட்சி கைமாறிய வரலாறே அவர்களுடைய புராணத்தின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

ஏறத்தாழ கி.மு. 700ஆம் ஆண்டளவில் தெய்வங்களின் பிறப்பைப் பாடிய ஹெசியட், கேயாஸ் எனும் பெருவெளியிலிருந்து தொடங்குகிறார். அடுத்துத் தோன்றிய பூமித்தாய் கையா, தானே ஈன்ற வானமாகிய யுரேனஸைத் துணையாகக் கொண்டு டைட்டன்கள் எனும் மூத்த தெய்வங்கள் பன்னிருவரைப் பெற்றாள். பெற்ற பிள்ளைகளை வெறுத்த யுரேனஸ் அவர்களை அவளுக்குள்ளேயே அடைத்து வைக்க, வேதனை தாளாத தாய் கொடுத்த அரிவாளால் கடைசி மகன் குரோனஸ் தந்தையின் ஆண்மையை அறுத்தெறிந்தான். அது விழுந்த கடலின் நுரையிலிருந்தே அப்ரோடைட் எழுந்தாள். தானும் ஒரு மகனால் வீழ்வான் என்று அறிந்த குரோனஸ், ஹெஸ்டியா, டிமீட்டர், ஹீரா, ஹேடிஸ், பொசைடன் ஆகிய ஐவரையும் பிறந்தவுடன் விழுங்கினான். ஆறாவது பிறந்த ஜீயஸை அவன் மனைவி ரியா கிரீட் தீவில் மறைத்து, துணி சுற்றிய கல்லொன்றைக் கணவனிடம் நீட்டினாள். பின்னர் குரோனஸ் அந்தக் கல்லையும் விழுங்கிய ஐவரையும் கக்க நேர்ந்தது. அந்தக் கல் இதுதான் என்று அப்போலோவின் திருத்தலமான டெல்ஃபியில் ஒரு கல்லைக் காட்டினர் என்றும், அதற்கு நாள்தோறும் எண்ணெய் வார்த்தனர் என்றும் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்குச் சென்ற பயண எழுத்தாளர் பாசனியஸ் எழுதியிருக்கிறார்.

ஜீயஸ் தன் முன்னோரிடமிருந்து வேறுபடுவது இங்கேதான். டைட்டன்களோடு நடந்த பத்தாண்டுப் போரில், தன் பக்கம் வருவோர் எவரும் பழைய உரிமையை இழக்கமாட்டார் என்று அவன் வாக்களித்தான். வென்றபின் அதைக் காத்தான். உடன்பிறந்தார் மூவரும் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டதில் வானம் ஜீயஸுக்கும், கடல் பொசைடனுக்கும், கீழுலகம் ஹேடிஸுக்கும் விழுந்தன. பூமியும் தேவர்கள் வாழும் ஒலிம்பஸ் மலையும் மூவருக்கும் பொது என்று ஹோமரின் இலியட் காவியத்தில் பொசைடனே உரிமையோடு வாதிடுகிறான். ஆயினும் பழைய அச்சம் ஜீயஸையும் விடவில்லை. தன் மனைவி மீட்டிஸ் பெறப்போகும் மகன் தன்னை மிஞ்சுவான் என்று அறிந்து, கருவுற்றிருந்த அவளையே அவன் விழுங்கினான். பின்னர் அவன் தலையிலிருந்து பிறந்தவள் அதீனா.

ஜீயஸின் பிள்ளைகளுள் ஏனையோரைச் சுருக்கமாகவே சொல்லலாம். போர்த்தெய்வமான ஏரிஸ் ஹீராவின் மகன். அப்போலோவும் ஆர்ட்டெமிஸும் லீட்டோவின் இரட்டையர். தேவர்களின் தூதனான ஹெர்மிஸ் மையாவின் மகன். மதுவின் தெய்வமான டயோனைசஸ் மானுடப் பெண்ணான செமிலியின் மகன். டயோனைசஸ் பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்த தெய்வம் என்று அறிஞர் பலர் நெடுங்காலம் நம்பினர். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் லீனியர் பி எனும் பண்டைக் கிரேக்க எழுத்தைப் படித்தறிந்தபின், ஹெசியடுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய களிமண் பலகைகளில் ஜீயஸ், ஹீரா, பொசைடன் ஆகியோரோடு அவன் பெயரும் இருப்பது தெரியவந்தது.

உடன்பிறந்தார் மூவர் உலகைப் பிரித்துக்கொண்ட அந்தப் பங்கீட்டில் கலந்துகொள்ளாத ஒருத்தி, தானியத்தின் தெய்வமான டிமீட்டர். அவள் மகள் பெர்செபோனியை, ஜீயஸின் இசைவோடு ஹேடிஸ் கவர்ந்து சென்றான். தாயிடம் யாரும் கேட்கவில்லை. ஒன்பது நாள் தீப்பந்தம் ஏந்தித் தேடியும் காணாமல், அவள் கிழவி வடிவில் எலூசிஸ் நகரை அடைந்து, பின் தன் கோயிலுக்குள் அமர்ந்துவிட்டாள். விதை முளைக்கவில்லை, மனிதர் மடிந்தால் தேவர்களுக்குப் படையல் ஏது? இடியை ஏந்திய ஜீயஸ், ஒவ்வொரு தெய்வமாகத் தூதனுப்பிக் கெஞ்சியும் பயனின்றி, இறுதியில் ஹெர்மிஸைக் கீழுலகுக்கு அனுப்பினான். கீழுலகில் உண்டவர் அங்கே திரும்பியாக வேண்டும்; மாதுளை விதையை அங்கு உண்டுவிட்டதால், ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கணவனிடமும் எஞ்சிய காலம் தாயிடமும் பெர்செபோனி வாழ்வது என்று முடிவாயிற்று. அந்த எலூசிஸில் டிமீட்டர் நிறுவியதாகச் சொல்லப்படும் மறைச்சடங்குகள் கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நீடித்தன. கிரேக்க மொழி அறிந்த, கொலைப்பழி இல்லாத எவரும், ஆணோ பெண்ணோ அடிமையோ, அவற்றில் தீட்சை பெற முடிந்தது. தீட்சை பெற்றவர்களுக்கு இறப்புக்குப் பின் நற்கதி உண்டு என்று நம்பினர்.