கோத்ததும் கலைத்ததும்

(கும்பகோணத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது இரண்டு தடவை சொன்னதை ஒரு தடவையாக்கியிருக்கிறேன். மற்றபடி மாற்றவில்லை.)

எல்லோருக்கும் வணக்கம். மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்கிறேன். நாற்பது வருஷம் அச்சகத்தில் குனிந்தே வேலை பார்த்தவன். நிமிர்ந்து பேசப் பழக்கமில்லை.

வருகிற ஆவணியில் எனக்கு 70 முடிகிறது. பீமரத சாந்தி செய்தே தீர வேண்டும் என்று மகள் நிற்கிறாள். அதையொட்டி வீட்டார் சின்னதாக ஒரு மலர் போடுகிறார்களாம். பேத்தி ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "தாத்தா, உங்க சாதனைகளை வரிசையா எழுதிக் குடுங்க. பத்து இருந்தா ஒரு பக்கம் கரெக்டா வரும்" என்றாள். பக்கக் கணக்குப் பார்க்கிறாளே, நம் ரத்தம்தான் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் தாள் இரண்டு நாள் மேஜையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் காபி டம்ளர் வைத்த வட்டம் மட்டும் அதில் விழுந்திருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் செயலாளர் போன் செய்தார். கையால் எழுத வராதது வாயால் வருகிறதா பார்ப்போமே என்று ஒப்புக்கொண்டேன்.

நான் பிறந்தது 1956. துர்முகி வருஷம். எங்கள் பாட்டி, "வருஷத்துப் பேரை முகத்துலயே எழுதிக்கிட்டு வந்துட்டான்" என்பாளாம். அப்பா வெற்றிலை மண்டியில் கணக்கு எழுதினார். 1973-இல் எஸ்எஸ்எல்சி முடித்தேன். அப்போது பதினோராம் வகுப்புதான் எஸ்எஸ்எல்சி. தமிழில் நல்ல மார்க், கணக்கில் பேசவேண்டாம். கல்லூரிக்குப் பணமில்லை. அப்பா தனக்குத் தெரிந்த ஒரு அச்சகத்தில் கொண்டுபோய் விட்டார். பையனுக்கு எழுத்துத் தெரியும் என்பதுதான் சிபாரிசு.

போய்ப் பார்த்தால், எனக்குத் தெரிந்த எழுத்து வேறு, அங்கே இருந்த எழுத்து வேறு. ஈய எழுத்து இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இருக்கும். அதை ஸ்டிக்கில், அதாவது கையில் பிடிக்கிற சின்ன உலோகத் தட்டில், தலைகீழாக அடுக்க வேண்டும். அதைத்தான் கோப்பது என்போம். ஆனால் இடமிருந்து வலமாகத்தான் படிக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தின் உடம்பிலும் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. கட்டைவிரலுக்கு அந்தப் பள்ளம் தட்டுப்பட்டால் சரியாக நிற்கிறது என்று அர்த்தம். கண்ணுக்கு முன்னால் விரல் படிக்கும்.

ஆனால் முதல் ஆறு மாதம் என்னைக் கோக்க விடவில்லை. கலைக்கத்தான் விட்டார்கள். அச்சாகி முடிந்த பக்கத்தை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, ஒவ்வொரு எழுத்தாக எடுத்து, கேஸ் என்கிற அறை அறையான எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். பிரித்துப் போடுவது என்போம். எனக்கு அது அவமானமாக இருந்தது. எங்கள் போர்மேன் அண்ணன் ஒருநாள் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே சொன்னார்: "டேய், ஒரு எழுத்தை மாத்தி அறையில போட்டீன்னா அது நாளைக்கு எவன் வீட்டுக் கல்யாணத்துலயோ போய் நிக்கும்." அதற்கப்புறம் நான் அவசரமாகப் பிரித்ததில்லை.

பேத்திக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 5,000 எழுத்து கோத்தேன் என்று வையுங்கள். வருஷத்துக்கு 300 நாள். 15 லட்சம். இருபத்தோரு வருஷம் ஈய எழுத்தில் இருந்தேன். 3 கோடியே 15 லட்சம் எழுத்து. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? தாளில் முதல் சாதனையாக எழுதவே போய்விட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அத்தனையும் அறைக்குத் திரும்பிப் போய்விட்டன. காலையில் கல்யாணப் பத்திரிகையில் நின்ற 'அ'தான் சாயங்காலம் கருமாதிப் பத்திரிகையில் நின்றது. எதையும் நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஒன்றே ஒன்றுதான் கலையாமல் இருந்தது. "தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்." இந்த வரியைத் தினமும் கோத்துத் தினமும் கலைக்க யாருக்குப் பொறுமை? நூலால் இறுகக் கட்டி ஓரமாக வைத்துவிடுவோம். கல்யாணம் வந்தால் எடுப்போம், முடிந்தால் கழுவி வைப்போம். எழுத்து தேய்ந்து முனை மழுங்கும்வரை எத்தனையோ கல்யாணங்களுக்கு ஊரை அழைத்த வரி அது.

பத்திரிகை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். என் சாதனைப் பட்டியலில் வராது. ஆனால் 70 வருஷத்தில் அடிக்கடி நினைவுக்கு வருவது அதுதான்.

1981. ஒருவர் மூத்த மகள் கல்யாணத்துக்கு 300 பத்திரிகை கொடுத்திருந்தார். முகூர்த்த சீசன், கையில் ஏழெட்டுப் பத்திரிகை ஓடுகிறது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், வீட்டில் இன்னும் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் இருந்தால் 'திருவளர்ச்செல்வி' என்று போடுவது வழக்கம். கடைசிப் பிள்ளை என்றால் 'திருநிறைச்செல்வி'. அவர் சரியாகத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். நான் அதற்கு முந்தின பத்திரிகையின் ஞாபகத்தில் 'திருநிறைச்செல்வி' என்று கோத்துவிட்டேன். புரூஃப் பார்த்ததும் நான்தான். எழுத்துப் பிழை இல்லை, அதனால் கண் தாண்டிப் போய்விட்டது. குலதெய்வத்துக்கும் தாய்மாமன் வீட்டுக்கும் பத்திரிகை போன பிறகு யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

மனிதர் சத்தம் போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. பத்திரிகைக் கட்டை மேஜையில் வைத்துவிட்டு, "தம்பி, வீட்ல இன்னும் ரெண்டு பொண்ணு இருக்கு. நிறைஞ்சுபோச்சுன்னு போட்டுட்டியேப்பா" என்றார். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

ராத்திரியோடு ராத்திரியாகக் கோத்து, நானே டிரெடில் அச்சு எந்திரத்தைக் காலால் மிதித்து, மறுபடி 300 அடித்தோம். கார்டு காசைச் சம்பளத்தில் பிடித்தார்கள். அது நியாயம். எனக்கு இருந்த பயம் வேறு. அடுத்த பெண்ணுக்கு வரன் தள்ளிப்போனால் அந்தக் குடும்பம் என் ஒரு வார்த்தையைத்தானே நினைக்கும்? இரண்டு வருஷம் அந்தத் தெரு வழியாகவே நான் போகவில்லை. அப்புறம் இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். பத்திரிகை வேறு அச்சகத்தில் அடித்தார்கள்.

1990 தை மாதம். அவர் வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. கையில் கடைசிப் பெண்ணின் பத்திரிகை வாசகம். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் கேஸ் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நான் கோத்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நின்றேன். அவர் எழுந்து ஸ்டிக்கை எட்டிப் பார்த்தார். அவருக்குத் தலைகீழாகப் படிக்கத் தெரியாது. "இப்பப் போடு தம்பி" என்றார். போட்டேன்.

(கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.)

சரி, 1978-க்கு வருகிறேன். பெரியார் நூற்றாண்டையொட்டி எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. பெரியார் 1935 முதலே 'குடி அரசு' இதழில் அந்த வடிவங்களைப் பயன்படுத்தியவர்தான். ணா, றா, னா, ணை, லை, ளை, னை, அப்புறம் ண, ற, ன வரிசையின் ஒகர ஓகாரங்கள், ஆக 13 எழுத்து மாறியது. பழைய லைக்கு யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும், இங்கே பாதிப் பேர் அதில்தான் படித்திருப்பீர்கள். ஆணை வந்தது ஒரு நாளில். எழுத்து மாற வருஷக்கணக்காயிற்று. பழைய ஈயத்தைத் தூக்கிப் போட எந்த முதலாளிக்கு மனசு வரும்? ஒரே பக்கத்தில் புது லையும் பழைய லையும் பங்காளிகள் மாதிரி முறைத்துக்கொண்டு நின்ற காலம் அது.

அண்ணாமலை என்ற பெயரைப் பாருங்கள். ணா ஒன்று, லை ஒன்று. ஒரே பெயரில் இரண்டு இடம் மாறுகிறது. அந்தப் பெயர்க்காரர் ஒருவர் கடை பில் புத்தகம் அடிக்க வந்தவர், "சர்க்கார் ஆயிரம் சொல்லட்டும், என் பேரு எங்கப்பா வெச்ச மாதிரிதான் இருக்கணும்" என்று சண்டை பிடித்தார். அவருக்காகவே பழைய எழுத்தில் சிலவற்றை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தோம்.

நம் ஊர்க்காரர்கள் ஆயுளைப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மகாமகத்தால் எண்ணுவார்கள். நானும் அப்படியே எண்ணிப் பார்த்தேன். 1980 மகாமகத்தில் ஒரே வாரத்தில் 'ஸ்ரீ' தீர்ந்துபோய்ப் பக்கத்து அச்சகத்தில் கடன் வாங்கினோம். 1992, நெரிசலில் பலர் இறந்த மகாமகம். அந்த வாரம் என்னென்ன கோத்தேன் என்று சொல்ல விருப்பமில்லை. அதுதான் நான் ஈயத்தில் பார்த்த கடைசி மகாமகம்.

1994-இல் அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எனக்கு 38 வயது. சொல்லிக்கொடுத்த பையனுக்கு இருபதுகூட இருக்காது. "சார், க இங்க இருக்கு" என்று ஒரு பட்டனைக் காட்டுவான். என் கை தானாக கேஸில் 'க' இருந்த பக்கம் போய்விட்டுத் திரும்பும். ஆள்காட்டி விரல் ஒன்றால்தான் அடித்தேன். ஈய எழுத்தையெல்லாம் கிலோ கணக்கில் எடைக்குப் போட்டார்கள். தராசில் கொட்டினபோது வந்த சத்தம் ஐந்து நிமிஷம் இருக்கும். நான் டீ குடிக்கிற மாதிரி வெளியே போய் நின்றேன். இதைச் சோகமாகச் சொல்வதாக நினைக்காதீர்கள். முதுகுவலி குறைந்தது. நகக்கண்ணில் மை போனது. சாப்பாட்டில் மண்ணெண்ணெய் வாசனை இல்லை என்று முதலில் கண்டுபிடித்தது என் மனைவிதான்.

2004-ஐப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. மார்ச்சில் மகாமகம். ஜூலை 16-இல் பள்ளிக்கூடத் தீ. 94 குழந்தைகள். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வரிசையாக வருவார்கள். போட்டோவை ஸ்கேன் செய்து, பெயர் அடித்து, அதற்குப் பக்கத்தில் வயது அடிக்க வேண்டும். எட்டு, ஒன்பது, எட்டு. முதல் நாள் மத்தியானம் எழுந்து போய்விட்டேன். அரை மணி கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அந்தப் பெயர்களில் ஒன்றுகூடப் பிழையாகப் போகக் கூடாது என்று ஒவ்வொன்றையும் மூன்று தடவை பார்த்தேன். அதைவிட எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

பேத்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "உங்க பேரு எதுலயாவது வந்திருக்கா தாத்தா?" என்றாள். நல்ல கேள்வி. அச்சகத்தின் பெயரும் ஊரும் போட வேண்டும் என்று 1867-இலேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டுவிட்டான். கோத்தவன் பெயரை அவன் கேட்கவில்லை. நம் ஊர் அரசுக் கல்லூரியில் உ.வே.சா. வேலை பார்த்த காலத்தில்தான் சீவக சிந்தாமணியை ஓலையிலிருந்து எடுத்து 1887-இல் சென்னையில் அச்சிட்டார். அவர் பட்ட பாட்டை எல்லோரும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் அத்தனை பக்கத்தையும் எழுத்தெழுத்தாகக் கோத்து, அவர் திருத்தத் திருத்த மறுபடி மாற்றிப் போட்டவர்களைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. எங்கள் தொழிலில் கவனிக்கப்படுவது பிழை மட்டும்தான். யாரும் எதுவும் சொல்லாமல் போனால் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

2014-இல் வேலையிலிருந்து நின்றேன். 2016-இல் மறுபடி துர்முகி வந்தது, 60 ஆயிற்று. எல்லோரும் திருக்கடையூர் போவார்கள், நாங்கள் வீட்டிலேயே மாலை மாற்றிக்கொண்டோம். இப்போது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புரூஃப் பார்க்கிறேன். கொண்டுவருகிற பிள்ளைகள் 'ஒற்று மிகுமா தாத்தா' என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசி அனுப்புவேன். பாவம், அவர்கள் கேட்டது ஒரு எழுத்து.

இதோ, மஞ்சப்பையில் கொண்டுவந்திருக்கிறேன். இதுதான் ஸ்டிக். எடைக்குப் போன அன்று முதலாளி, "வெச்சுக்கோ" என்று கொடுத்தார். கூட்டம் முடிந்ததும் தொட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கிற மூன்று எழுத்தும் பழைய லை. அந்தத் தீப்பெட்டியில் மிச்சம் இருந்தவை.

கடைசியாக ஒன்று. பேத்தி பட்டியல் கேட்பதை விட்டுவிட்டாள். நேற்று வாட்ஸ்அப்பில் பீமரத சாந்திப் பத்திரிகையை அனுப்பி, "தாத்தா, புரூஃப் பார்த்துக் குடுங்க" என்றாள். அழகாகச் செய்திருக்கிறாள். 'சுற்றமும் நட்பும் சூழ' அப்படியே இருக்கிறது. இரண்டு பிழை இருந்தது. ஒன்றைத் திருத்தச் சொன்னேன். இன்னொன்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். உங்கள் எல்லோருக்கும் பத்திரிகை வரும். கண்டுபிடிக்கிறவர்கள் பந்தியில் என் பக்கத்தில் உட்காரலாம்.