மேலாளரின் அவசரமும் நெற்றித் திருநீறும்

நேயர்களுக்கு வணக்கம்.

மாட்டுங்காக் கோயில்களில் தரிசனம் முடித்தோ, பாந்திரா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியோ அலுவலகம் போகும் தமிழர்கள் மும்பையில் ஏராளம். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் அந்தப் பக்தி நம்மை எவ்வளவு தூரம் காக்கும் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மோசமான மேலாளர் என்றதும், பொய்க்கணக்கு எழுதச் சொல்பவரையே நினைக்கிறோம். அப்படி வாய்விட்டுச் சொல்பவர் அரிது. இலக்கையும் கெடுவையும் கொடுத்துவிட்டு, வழியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் போய்விடுபவரே அதிகம். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்பது இலக்காக இருந்தது. நெருக்கடி தாளாத ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே கணக்குகளைத் தொடங்கினார்கள். 2016-ல் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டபோது, இதன் தொடர்பில் முந்தைய ஆண்டுகளில் சுமார் 5,300 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்ததும் தெரியவந்தது.

இறைநம்பிக்கை உள்ளவர் இதற்கு வளைய மாட்டார் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களிடம் நடத்தி 1973-ல் வெளியிட்ட ஆய்வு நம்மைத் தயங்க வைக்கிறது. உரை நிகழ்த்த வேறொரு கட்டடத்துக்கு அனுப்பப்பட்ட அந்த மாணவர்களின் வழியில், ஒருவர் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருக்குமாறு ஏற்பாடு செய்திருந்தார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்தான் உதவினார்கள். அவகாசம் இருந்தவர்களில் நூற்றுக்கு அறுபத்து மூன்று பேர் உதவினார்கள். மொத்த மாணவர்களில் பாதிப் பேர் பேசப்போனதோ, பைபிள் கதையில் வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு இரங்கிய நல்ல சமாரியனைப் பற்றித்தான்! சர்ச்கேட் விரைவு வண்டிக்கு ஓடிப் பழகிய நமக்கு இது வியப்பளிக்காது. மேலாளர் உண்டாக்கும் அவசரம், மனத்தில் உள்ள அறத்தை அழிப்பதில்லை. அது நினைவுக்கு வரும் நேரத்தைப் பறித்துவிடுகிறது.

அதற்காக நம்பிக்கையை வீண் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1960-களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் நடத்திய சோதனைகளில், அதிகாரி சொன்னதற்காக, இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி தருவதாக நம்பியபடியே 450 வோல்ட் வரை போனவர்கள் ஒரு பிரிவில் நாற்பதில் இருபத்தாறு பேர். ஆனால் பழைய ஏற்பாடு கற்பிக்கும் பேராசிரியர் ஒருவர் 150 வோல்ட்டிலேயே மறுத்து நிறுத்திவிட்டார். கடவுளையே இறுதி அதிகாரமாகக் கொண்டவருக்கு மனித அதிகாரம் அற்பமாகிவிடும் என்பது அவர் தந்த விளக்கம். வெற்றிக்கு வேண்டிக்கொள்வதும், பிழைக்குப் பரிகாரமாக உண்டியலில் பணம் போடுவதும் இந்தப் பலத்தைத் தருவதில்லை. மேலாளருக்கும் மேலே ஒருவர் உண்டு என்ற எண்ணம் கோப்பில் கையெழுத்திடும் அந்த நொடியில் வர வேண்டும்.

எல்லோருக்கும் அது வாய்க்காது. அதே சோதனையை மில்கிராம் மாற்றி நடத்தியபோது, பக்கத்தில் இருந்த இருவர் முதலில் மறுத்து எழுந்ததும், கடைசிவரை போனவர்கள் நாற்பதில் நான்கு பேராகக் குறைந்தார்கள். நம் நாட்டிலும் 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 177-ஆம் பிரிவு, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் முறைகேடுகளைப் புகார் செய்ய ஊழியர்களுக்கு ஒரு வழி வைத்திருக்க வேண்டும் என்கிறது. தனியாளாக அந்தப் புகாரை எழுத நடுங்கும் கை, அடுத்த மேசைக்காரரும் சேர்ந்து கையெழுத்திட்டால் பெரும்பாலும் நடுங்குவதில்லை.