அப்பச்சிக்கு வந்தது எனக்கும் வருமா?

(காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நம் பக்கம் அப்பச்சி (அப்பா) இறந்த வீட்டுக்குக் கேதம் கேட்க வருகிறவர்கள் முகப்பில் உட்கார்ந்ததும் என்ன கேட்கிறார்கள்? "மொதல்ல என்ன செஞ்சுச்சு? எப்புடித் தெரிஞ்சுச்சு?" மகன் சொல்கிறான்: "சாதாரண வயித்து வலின்னுதான் இருந்தோம். கேஸுன்னு மாத்திரை குடுத்தோம். ஸ்கேன்ல பாத்தா கணையத்துல கட்டி." அவர்கள் எழுந்து போனதும் அடுத்த கார் வந்து நிற்கிறது. மறுபடியும் அதே கதை. கருமாதி முடிவதற்குள் எத்தனை தடவை! வழக்கத்தைக் குறை சொல்லவில்லை. வந்து கேட்க ஆள் இல்லாத வீடுதான் பாவம். ஆனால் சொல்லிச் சொல்லியே அந்தப் பிள்ளை மனசில் ஒன்று பதிந்துவிடுகிறது: சின்ன வலியில்தான் எல்லாம் ஆரம்பிக்கும் என்று. சில மாதம் கழித்து அவனுக்கே வயிறு உப்பினால் தூக்கம் ஏது?

பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்யாதீர்கள். நோயைப் பற்றிய இந்தப் பதற்றம் மாதக்கணக்கில் நீண்டு வாழ்க்கையைக் கெடுத்தால் அதுவே சிகிச்சை தேவைப்படும் ஒரு கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் அதற்குத் தனிப் பெயரும் இடமும் உண்டு. அதில் இரண்டு ரகம். ஒருவர் டாக்டர் மாற்றி டாக்டர் பார்ப்பார். இன்னொருவர் அப்பச்சி படுத்திருந்த ஆஸ்பத்திரித் தெருப்பக்கமே போக மாட்டார். இரண்டாமவரை "தைரியசாலி" என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கும்!

பயமே உடம்பில் அறிகுறியை உண்டாக்கும். படபடப்பு, வயிற்றுக் கலக்கல், கை மரப்பு எல்லாம் வரும். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தினமும் அமுக்கிப் பார்த்தால், அமுக்கிய இடம் வலிக்கத்தான் செய்யும்.

அடுத்து, மாஸ்டர் செக்கப். இயல்பு அளவு என்று ரிப்போர்ட்டில் அச்சடிக்கிறார்களே, அது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேருக்கு இருக்கும் அளவு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனை செய்தால், நல்ல உடம்புக்காரருக்கும் ஏதாவது ஒன்றாவது எல்லை தாண்டி நிற்க 64 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மதுரைக்கும் திருச்சிக்கும் அலைகிறவர்களைப் பார்க்கிறேன். ரத்தத்தில் புற்றின் அடையாளம் தேடும் சி.ஏ. 19-9 போன்ற 'கட்டி ரத்தப் பரிசோதனை'யை, தொந்தரவே இல்லாதவர் மனசமாதானத்துக்காக எடுக்கவே கூடாது என்பேன். அந்த அளவு புற்று இல்லாமலும் கூடும். புற்று இருந்தும் கூடாமல் போகும்.

அப்படியானால் பரம்பரை என்பது பொய்யா? பொய் இல்லை. புற்றுநோய்களில் சுமார் 5 முதல் 10 சதவீதம், பெற்றோரிடமிருந்து வரும் மரபணு மாற்றத்தால் வருபவை. அதனால்தான் கணக்கு வேண்டும் என்கிறேன். ஒன்பது கோயிலில் எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் நகரத்தார் வீட்டில், ஐயா எந்த வயதில் என்ன நோயில் போனார் என்றால், "ஏதோ வயித்துக் கோளாறு" என்பார்கள்! அந்த வயதுதான் முக்கியம். அப்பச்சிக்கு 48 வயதில் பெருங்குடல் புற்று வந்திருந்தால், பிள்ளை 38-லேயே குடல் உள்நோக்கிப் பரிசோதனையை (கொலனோஸ்கோபி) தொடங்க வேண்டும். அப்பச்சிக்கு 55-க்குள், ஆத்தாளுக்கு 65-க்குள் மாரடைப்பு வந்திருந்தால் பிள்ளைகள் கொழுப்பையும் ரத்த அழுத்தத்தையும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஒரே டாக்டரிடம் கொடுங்கள். எதை எப்போது பார்ப்பது என்று அவர் குறித்துத் தரட்டும். புதிதாக ஏதாவது தொந்தரவு வந்து, விடாமல் நீடித்தால் தேதிக்குக் காத்திராமல் போய்க் காட்டுங்கள்.

அப்படியும் பயம் விடவில்லையா? மனநல மருத்துவரிடம் போகலாம். எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை இதற்கு நன்றாகக் கேட்கும். தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. போக வெட்கமாக இருந்தால் 14416-க்குப் போன் போடுங்கள். அரசு நடத்தும் டெலி மானஸ் சேவை அது, இலவசம். தமிழிலேயே பேசலாம்.

வீட்டு ஆச்சிமார்களுக்கு ஒன்று. "எனக்கு ஒண்ணும் இல்லல்ல?" என்று வீட்டுக்காரர் கேட்கும்போதெல்லாம் "ஒண்ணும் இல்லை" என்று சத்தியம் செய்யாதீர்கள். சாயங்காலம் திரும்பக் கேட்பார். "பயமா இருக்கா? டாக்டர் சொன்னதுதான், புதுசா நான் சொல்ல ஒண்ணுமில்லை. சாப்பிட வாங்க" என்று கூப்பிடுங்கள். முதல் வாரம் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பலாம். பெயர் போட வேண்டாம்.